கார்ல்ஸ்பாட் தண்ணீரும் கன்னியாக் கிணறுகளும்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செக் குடியரசின் கார்லோவி வாரி நகரைப் பற்றித் தங்கள் வார இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அங்குள்ள ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க நோய் தீரும், சூடாகக் குடித்தால் இன்னும் நல்லது என்ற தொனியை அப்படியே விட மனமில்லை. ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து போகும் பெற்றோரைக் கோடை விடுமுறையில் காரில் ஏற்றி இப்படியான ஊர்களுக்குக் கூட்டிப்போவதுண்டு. அறுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் பிரஷருக்கோ நீரிழிவுக்கோ தினமும் குளிசை போடுபவர்கள். அவர்கள் கட்டுரையை நம்பிக் குடித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு சொல்லவேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது. பொறுத்தருள்க.

முதலில் சில்லறைத் திருத்தங்கள்.

அந்த நகருக்கு அடியில் எரிமலை கொதித்துக்கொண்டிருக்கவில்லை. மழைத் தண்ணீர் கருங்கல் வெடிப்புகள் வழியே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஆழம்வரை இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, பிளவு வழியே மேலே வருகிறது. ஜேர்மன்காரர் கார்ல்ஸ்பாட் என்று அழைத்த ஊர் இது. நான்காம் சார்ள்ஸ் மன்னர் 1370இல் நகர உரிமை கொடுத்தார். யுனெஸ்கோ 2021இல் உலக மரபுரிமையாக அறிவித்தது இந்த ஊரைத் தனியாக அல்ல. ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு ஊற்று நகரங்கள் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்தின் பாத், ஜேர்மனியின் பாடன்-பாடன், பிரான்சின் விஷி, பெல்ஜியத்தின் ஸ்பா ஆகியன அதில் அடக்கம்.

பெல்ஜியத்து ஸ்பாவைச் சொன்னதால் ஒரு வார்த்தை. கொழும்பில் சந்திக்குச் சந்தி தொங்கும் 'ஸ்பா' பலகைகளுக்குப் பெயர் கொடுத்த ஊர் அதுதான். அந்த ஊரின் பழைய ஊற்றுகளில் வருவது குளிர்ந்த தண்ணீர். இரும்பும் வாயுவும் கலந்தது. சுடுநீர் எல்லாம் கனிமநீரும் அல்ல, கனிமநீர் எல்லாம் சுடுநீரும் அல்ல என்பதற்கு அந்த ஊரே சாட்சி. பலகைகளுக்குப் பின்னால் நடப்பதற்கும் கனிமநீருக்கும் எந்த உறவும் இல்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கட்டுரையில் கடைசியாக வியந்து குறிப்பிடப்பட்ட 'பதின்மூன்றாவது ஊற்று' மண்ணிலிருந்து வருவதல்ல. அது பெகரோவ்கா என்ற மூலிகைச் சாராயம். மருந்தாளர் யோசெப் பெகர் 1807இல் வயிற்று மருந்தாக விற்கத் தொடங்கியது. அதில் மதுசாரம் 38 சதவீதம். நகரத்தார் பகிடியாக வைத்த பெயரை உண்மை என்று எழுதிவிட்டால், விரதகாரர் யாராவது சின்னக் கிளாசில் வாங்கிக் குடித்துவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கார்ல்ஸ்பாட்டின் பெரிய ஊற்றுக்கு வ்ரீட்லோ என்று பெயர். தண்ணீர் ஏறத்தாழ 73 பாகை செல்சியசில், நிமிடத்துக்கு 2000 லீற்றர் அளவில் வருகிறது. பாய்ச்சல் 12 மீற்றர் வரை, அதாவது நாலு மாடி உயரம், எழும்பும். மற்ற ஊற்றுகள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் நிற்கமுடியாது. ஒரு லீற்றரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்தம் 6.4 கிராம் வரை. அதில் சோடியம் சுமார் 1.7 கிராம், இருகாபனேற்று 2.1 கிராம், சல்பேற்று 1.6 கிராம், குளோரைட்டு 0.6 கிராம். மிச்சம் கல்சியம், பொற்றாசியம், மகனீசியம், சிறிதளவு இலிதியம், புளோரைட்டு. தண்ணீரில் கரைந்த உப்புகள் லீற்றருக்கு 1 கிராமைத் தாண்டினாலே குடிக்கச் சுவை கெட்டுவிடும் என்பது பொதுக் கணக்கு. இது அதைப்போல ஆறு மடங்கு. வாயில் வைத்தவர்களுக்கு உப்பும் சோடாவும் இரும்பும் கலந்த ருசி தெரியும். சூடான கஞ்சியில் உப்பு கூடிவிட்ட மாதிரி.

சோடியம் 1.7 கிராம் என்றால் கறியுப்புக் கணக்கில் 4.3 கிராம். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை சோடியம் 2 கிராமுக்குக் குறைவு. உப்பாகப் பார்த்தால் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஒரு லீற்றர் வ்ரீட்லோ குடித்தவர் அன்றைய உப்பை அநேகமாக முழுதும் தண்ணீரிலேயே முடித்துவிட்டார். அதற்குமேல் மாசிச் சம்பலும் கருவாடும் சாப்பிட்டால் பிரஷர்க் குளிசைக்கு வேலை கூடும்.

சல்பேற்றின் கதை வேறு. இந்தத் தண்ணீரின் முக்கியமான உப்பு சோடியம் சல்பேற்று. 17ஆம் நூற்றாண்டில் கிளவுபர் என்ற ஜேர்மன் இரசவாதி விவரித்ததால் கிளவுபர் உப்பு என்று பெயர். நம் ஊரில் பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். குடலில் உறிஞ்சப்படாமல் நின்று தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வயிறு இளகும். மலச்சிக்கல்காரருக்குக் கார்ல்ஸ்பாட் பேர் போனதற்குக் காரணம் இதுதான். தெய்வீகம் தேட வேண்டியதில்லை.

சுற்றுலாக்காரர் சறுக்கும் இடம் இங்கேதான். குடிப்பதற்கென்று தூண் மண்டபங்களில் ஒரு டசினுக்கு மேற்பட்ட ஊற்றுக் குழாய்கள் திறந்திருக்கும், காசு கிடையாது. பன்னிரண்டையாவது ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று கோப்பை கோப்பையாகக் குடிப்பார்கள். கோப்பை 200 மில்லிலீற்றர் என்று வைத்தால் பன்னிரண்டுக்கு 2.4 லீற்றர். சோடியம் 4 கிராம், நாள் எல்லையைப்போல இரண்டு மடங்கு. சல்பேற்று ஏறத்தாழ 4 கிராம். அதன்பிறகு காரில் ஏறி நெடுஞ்சாலையில் இரண்டு மணிநேரம் போகவேண்டும் என்றால் என்ன நடக்கும் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. ருசிதான் பார்க்கவேண்டும் என்றால் ஊற்றுக்கு ஒரு வாய், 25 மில்லிலீற்றர் போதும். பன்னிரண்டும் சேர்ந்து 300 மில்லிலீற்றருக்குள் அடங்கிவிடும்.

அங்கேயே தங்கி முறைப்படி சிகிச்சை பெறுபவர்கள் இப்படிக் குடிப்பதில்லை. முதலில் ஊற்று வைத்தியரைப் பார்க்கவேண்டும். எந்த ஊற்று, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை தரம் என்று துண்டில் எழுதிக் கொடுப்பார். வழமையான முறை, சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்பு வெறும் வயிற்றில், ஒரு தரத்துக்கு ஒரு கோப்பை, நாளுக்கு மூன்று தரம், மரபாக மூன்று கிழமைக்கு. மூன்று கோப்பை என்றால் 600 மில்லிலீற்றர். சோடியம் 1 கிராம். இவ்வளவு கவனமாகக் கொடுக்கும்போதே நாள் எல்லையில் பாதி போய்விடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அதனால்தான் இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், காலில் வீக்கம் உள்ளவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு இது ஆகாது. மனநிலைக் கோளாறுக்கு இலிதியம் மருந்து எடுப்பவர்களும் தள்ளி நிற்கவேண்டும்: உடலில் சோடியம் திடீரென்று கூடினால் மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருக்கும்போது ஊற்றைத் தேடிப் போவது வீண் ஆபத்து; சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போகவேண்டும்.

நீரிழிவு பற்றி ஒரு குறிப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நீரிழிவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கார்ல்ஸ்பாட் போனது உண்மை. இன்சுலின் மனிதருக்கு முதலில் ஏற்றப்பட்டது 1922இல். அதற்கு முன் வைத்தியர்களிடம் வேறு வழி அதிகம் இருக்கவில்லை. அங்கே நோயாளிக்குக் கிடைத்தவை அளவுச் சாப்பாடும், மலைப்பாதையில் நாள் முழுக்க நடையும், விடியற்காலையில் எழும் பழக்கமும். சீனி இறங்கியிருந்தால் புகழில் பெரும்பங்கு இந்த மூன்றுக்குமே சேரவேண்டும் என்பது நம் கணிப்பு. குளிசையை நிறுத்திவிட்டு ஊற்றுத் தண்ணீரை நம்புபவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும்.

இந்த அளவுக் கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. ஆரம்பத்தில் குடிப்பது இல்லை, குளிப்புத்தான். நாளுக்குப் பத்து மணிநேரம்வரை தொட்டிக்குள் இருத்தி, தோல் வெடிக்கும்வரை ஊறவைத்தார்கள்; தோலின் வழியே நோய் வெளியேறும் என்ற எண்ணம். குடிக்கவும் வேண்டும் என்று 1522இல் பாயர் என்ற வைத்தியர் நூல் எழுதினார். உடனே ஊர் மறுகரைக்குப் பாய்ந்தது: நாளுக்கு டசின் கணக்கில் கோப்பைகள். 18ஆம் நூற்றாண்டில் தாவீத் பெகர் என்ற வைத்தியர் வந்துதான் அதை மட்டுப்படுத்தினார். ஊற்றடியிலேயே குடி, குடித்துக்கொண்டே நட, அளவோடு நிறுத்து என்பது அவர் வைத்த ஒழுங்கு. இவர் வேறு, சாராயம் காய்ச்சிய பெகர் வேறு. கட்டுரை இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

படத்தில் இருந்த தூண் மண்டபம் அலங்காரத்துக்குக் கட்டியது என்று நினைப்பவர்களுக்கும் இங்கே பதில் உண்டு. நடந்துகொண்டே குடிக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னால் மழையில் என்ன செய்வது? யோசெப் சீடெக் வடிவமைத்து 1881இல் முடிந்த மில் மண்டபம் 132 மீற்றர் நீளம், 124 தூண்கள். கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு தரம் போய் வந்தால் தண்ணீரும் முடியும், அரைக் கிலோமீற்றர் நடையும் முடியும். அதுவும் ஒரு மருத்துவக் கருவிதான்.

அந்தக் கோப்பையின் வடிவமும் காரணத்தோடு வந்தது. கைபிடியே குழலாக இருக்கும். அதன் நுனியால் உறிஞ்சவேண்டும். ஒரே மடக்கில் கவிழ்க்க முடியாது. தண்ணீர் முன்பற்களில் படுவதும் குறையும். ஒரு எச்சரிக்கை: சாதாரணக் கிளாசில் சூடு உதட்டுக்கு முதலில் தெரிந்துவிடும், குழலில் உறிஞ்சினால் நேரே நாக்கில்தான் சுடும். 73 பாகைத் தண்ணீரைப் பிடித்தவுடன் உறிஞ்சினால் நாக்கின் தோல் உரியும். குளிரவிட்டே குடிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் வரிசையில் 2016இல் சேர்த்தது. சூடாகக் குடித்தால் நல்லது என்று எழுதியவர் இதைக் கவனித்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ குடிக்கும் நமக்கும் இது பொருந்தும்.

ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒவ்வொரு நோய் என்று கட்டுரையில் ஒரு பட்டியல் இருந்தது. எல்லா ஊற்றிலும் வருவது ஏறத்தாழ ஒரே தண்ணீர். வித்தியாசம் இரண்டு: சூடு, வாயு. தண்ணீர் சூடாக இருந்தால் காபனீரொட்சைட்டு அதில் நிற்காது. ஆற ஆற அதிகம் நிற்கும். குளிரூட்டிய சோடாப் போத்தலைத் திறப்பதற்கும் வெயிலில் கிடந்ததைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். மேலே வரும் வழியில் மெதுவாக வந்து ஆறிய ஊற்று முப்பது பாகையில் நுரைத்துக்கொண்டு வரும்; நேராகப் பாய்ந்து வந்தது எழுபதில் வாயுவைக் கொட்டிவிட்டு வரும். ஆறியது வயிற்றைக் கூடுதலாக இளக்கும், சூடானது இரைப்பையைச் சாந்தப்படுத்தும் என்பது ஊற்று வைத்தியர்களின் அனுபவக் கணக்கு.

வ்ரீட்லோவை 12 மீற்றர் தூக்குவதும் அதே வாயுதான். ஆழத்தில் அமுக்கம் அதிகம், வாயு கரைந்திருக்கும். மேலே வர வர அமுக்கம் குறைந்து குமிழியாகப் பிரியும். குமிழி கலந்த நீர்த்தம்பம் பாரம் குறைந்துவிடும்; கீழே இருப்பது அதை மேலே தள்ளும். பம்பி எதுவும் வேண்டியதில்லை. போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதில் பயன் இல்லை என்பதற்கும் இதுவே காரணம். சில மணிநேரத்தில் வாயு போய்விடும், கல்சியம் படிந்துவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர். கடைகளில் விற்கும் மற்றோனி போத்தல் நீர் இந்த ஊற்றுகளுடையது என்று நினைப்பதும் தவறு. அது பக்கத்தில் உள்ள கீசெல்கா என்ற ஊரின் குளிர் ஊற்று; உப்பு இதைவிட மிகக் குறைவு.

அங்கே விற்கும் கார்ல்ஸ்பாட் உப்பைச் சிலர் கொழும்புக்கு வாங்கி வருவதுண்டு. பழைய மருந்தாக்க நூல்களிலேயே செயற்கைக் கார்ல்ஸ்பாட் உப்புக்குச் செய்முறை இருக்கிறது: உலர்ந்த சோடியம் சல்பேற்று 44 பங்கு, சோடியம் இருகாபனேற்று 36 பங்கு, கறியுப்பு 18 பங்கு, பொற்றாசியம் சல்பேற்று 2 பங்கு. அதில் 6 கிராம் எடுத்து ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் கார்ல்ஸ்பாட் தண்ணீர் மாதிரி ஆகும். ஆறு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதை ஒரு லீற்றரில் கரைக்காமல் ஒரு கிளாசில் கரைத்து மூக்கைப் பிடித்துக் குடிப்பவர்களுக்குத்தான் வாந்தியும் கழிச்சலும். வெயில் காலத்துக் கொழும்பில், வியர்த்துக் களைத்த வயதானவருக்கு, அப்படியொரு கழிச்சல் ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியக்கூடும்.

இந்தத் தண்ணீரைக் குழாயில் ஓடவைப்பது நகரத்துக்கு ஓயாத வேலை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்குமே, களனி கங்கைத் தண்ணீர் காயும் கொழும்புக் கேத்திலில் அவ்வளவாகப் பிடிக்காதது, அதேதான். வாயு பிரிந்ததும் கல்சியம் காபனேற்று கரைசலில் நிற்க முடியாமல் படிகிறது. இந்தச் சூட்டில் அது அரகோனைற்று என்ற கடினமான வகையாகப் படியும். இரும்பு சேர்ந்து செங்கபில நிறம். கடதாசிப் பூவை ஊற்றடியில் சில நாள் வைத்தால் கல்பூவாகும், கடையில் விற்கிறார்கள். பூவுக்கு நடப்பது குழாய்க்கும் நடக்கும். கவனிக்காமல் விட்டால் குழாயின் வாய் சிறுத்து அடைபடும். மொத்தக் கணக்குப் பார்த்தால் விளங்கும்: நிமிடத்துக்கு 2000 லீற்றர் என்றால் நாளுக்கு 28 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர், லீற்றருக்கு 6.4 கிராம் வீதம், அந்த ஒரு ஊற்று நாளொன்றுக்குப் பதினெட்டு தொன்னுக்கு மேல் கரைந்த பொருளை மண்ணுக்கடியிலிருந்து ஏற்றி வருகிறது.

நகரத்தின் நடுப்பகுதி நிற்பதும் ஊற்று தானே படியவைத்த கல் ஓட்டின்மேல்தான். ஓட்டில் வெடிப்பு விழுந்தால் தண்ணீர் ஆற்றுக்குள் ஓடிவிடும், ஊற்று தளரும். முந்திய நூற்றாண்டுகளில் அப்படிப் பலமுறை நடந்து, துளையை மூடுவதே நகரத்துக்குப் பெருஞ்செலவாக இருந்தது. இப்போது ஓட்டை நம்பாமல், அதற்கும் கீழே பாறைக்குள் சாய்வாக இறக்கிய துளைக் கிணறுகள் வழியே தண்ணீர் எடுக்கிறார்கள். ஊற்றுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒன்றின் வாயைத் தாழ்த்தினால் மேட்டில் உள்ள இன்னொன்று வற்றும்.

செலவுக்கு வழி, தங்க வருபவர்களிடம் வாங்கும் ஊற்று வரி. கார்ல் மார்க்ஸ் 1874இல் இங்கே ஈரல் வருத்தத்துக்குச் சிகிச்சைக்கு வந்தபோது, சொந்த வருமானத்தில் வாழும் கனவான் சார்ள்ஸ் மார்க்ஸ் என்று பதிந்துகொண்டார். கனவான் என்றால் வரியும் கூட. பொலிஸாரின் கண்ணில் படாமல் இருக்க அந்த விலையைக் கொடுத்தார். பிறகும் இரண்டு கோடைகள் வந்தார்.

ஊற்று எப்படிச் சாகும் என்பதற்கு அதே நாட்டில் டெப்லிட்சே என்ற நகரம் உதாரணம். 1879 பெப்ரவரியில், சில கிலோமீற்றர் தொலைவில் டுக்சோவ் ஊருக்குப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்று பாறைக்குள் இருந்த நீரை உடைத்துவிட்டது. சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கிச் சுரங்கத் தொழிலாளர் இறந்தார்கள். சில நாளில் டெப்லிட்சேயின் மூல ஊற்று காணாமற்போனது. பிறகு குழி தோண்டித் தேடிப் பிடித்து இறைத்தெடுக்க வேண்டியதாயிற்று. ஊற்றின் வாயில் யாரும் கை வைக்கவில்லை. வேரை அறுத்தது பக்கத்து ஊர். பாத் நகரில் 1810இல் ஊற்று தடைப்பட்டபோது, புவியியல் வரைபடத்துக்குப் பேர்போன வில்லியம் ஸ்மித்தை அழைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வேறு வழி பிடித்திருந்தது, திருப்பிவிட்டார். இன்று அந்த நகரில் குறித்த ஆழத்துக்குமேல் நிலத்தைத் தோண்டுவதென்றால் முன்கூட்டி அறிவிக்கவேண்டும் என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இந்த இடத்தில் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு வருகிறோம். கட்டுரையின் கடைசிப் பத்தி கன்னியாவையும் கார்லோவி வாரி ஆக்கலாம் என்று ஆசைப்பட்டது. ஆசையில் தவறில்லை, ஆனால் எதைக் கொண்டுவருவது என்பதில் தெளிவு வேண்டும். தூண் மண்டபமும் ஹோட்டலும் கடைசியில் வரவேண்டியவை.

இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ தொடங்கி, வஹவ, மகா ஓயா வழியாகத் திருகோணமலை வரை வெந்நீர் ஊற்றுகள் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வரிசை அது. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் வெடிப்பு வழியே திரும்பி வருவதுதான் இங்கும். அங்கே நாலாம் சார்ள்ஸின் வேட்டை நாய் வெந்நீரில் விழுந்த கதை. இங்கே தாயின் கிரியைக்காக இராவணன் நின்ற இடத்தில் ஏழு ஊற்று கிளம்பிய கதை. உப்பு விஷயத்தில் மட்டும் ஒப்பிட முடியாது: கார்ல்ஸ்பாட் போல லீற்றருக்கு ஆறு கிராம் உப்பும் பொங்கும் வாயுவும் கன்னியாவில் இல்லை. ஆகவே குடிநீர்ச் சிகிச்சை என்ற பேச்சை இங்கே எடுக்கக்கூடாது. வரண்ட வலயத்து நிலத்தடி நீரில் புளோரைட்டு ஏற்கெனவே பல இடங்களில் பல்லைக் கறைப்படுத்தும் அளவில் இருக்கிறது. சோதிக்காத வெந்நீரைப் போத்தலில் பிடித்துக் குடிப்பது அதோடு சேர்த்துக்கொள்வதாகும்.

கன்னியாக் கிணறுகளின் சூடு நாற்பது பாகையை ஒட்டியது. உடம்புக்கு இதமான இந்தச் சூடு நெக்லேரியா என்ற அமீபாவுக்கும் இதமானது. 46 பாகைவரை அது செழிக்கும். பாத் நகரில் 1978இல் ஊற்று நீர்த் தடாகத்தில் நீந்திய சிறுமி ஒருத்தி அதனால் இறந்தாள். குளிப்பு அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. மண்ணும் காற்றும் படாத ஆழத்திலிருந்து புதிய துளைக் கிணற்றில் தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, புதிய குளிப்பகம் திறக்க 2006 ஆகிவிட்டது. கேரளாவில் அண்மையில் மூளையைத் தாக்கும் அமீபா என்று செய்திகளில் அடிபட்டதும் இதுவே. குடித்தால் வராது, மூக்கின் மேற்பகுதிக்குத் தண்ணீர் ஏறினால்தான் வரும். மிக அரிது, வந்தால் பிழைப்பது அரிதிலும் அரிது. வாளியால் மொண்டு ஊற்றும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் தடாகத்தில் மூழ்குவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. பிள்ளைகளுக்குத் தலையில் ஊற்றும்போது குனிந்து நிற்கச் சொல்லி மூக்கைப் பொத்திவிட்டால் போதும். அங்கே நீச்சல் தடாகம் கட்டும் யோசனை வந்தால் எதிர்க்கவேண்டிய முதற்காரணம் இதுதான்.

இரண்டாவது, சவர்க்காரம். கிணற்றடியில் தேய்த்துக் குளித்த தண்ணீர் தளத்தில் தேங்கி, சீமெந்து வெடிப்பு வழியே கிணற்றுக்கே திரும்பும். கட்டு உயரம் முழங்காலுக்கு மேல் இருக்கவேண்டும். தளம் வெளிப்பக்கம் சரிந்திருக்கவேண்டும். கான் கிணறுகளிலிருந்து தூரத்தே கொண்டுபோய் விடவேண்டும். கழிவறைக் குழி இருக்கவேண்டியது நிலத்தடி நீர் ஓடிப்போகும் பக்கம். நீர் வரும் பக்கத்தில் ஒருபோதும் ஆகாது.

மூன்றாவது, சுற்றியுள்ள குழாய்க்கிணறுகள். டெப்லிட்சேயில் சுரங்கம் செய்ததை, சிறிய அளவில், ஒரு ஹோட்டலின் ஆழ்துளைக் கிணறும் பம்பியும் செய்துவிடும். வெந்நீர் ஊற்று ஒவ்வொன்றையும் சுற்றிக் காப்பு வலயம் வரைந்து, அதற்குள் துளைப்பதற்கு முன் பம்பிச் சோதனை கட்டாயம் என்று நீர்வளச் சபையும் பிரதேச சபைகளும் விதிக்கவேண்டும். சோதனை என்றால் புதிய கிணற்றை ஓரிரு மணிநேரம் இறைத்துப் பார்ப்பது போதாது. குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து இறைத்து, ஏழு கிணற்றின் மட்டத்தையும் சூட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும்.

இவை எதற்கும் முன், அளவெடுக்கும் வேலை ஒன்று உண்டு, செலவு சொற்பம். ஒரு வெப்பமானி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு மின்கடத்துதிறன் மானி, ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி. மாதம் ஒருமுறை, குளிக்க ஆட்கள் வருமுன் விடியற்காலையில், ஒவ்வொரு கிணற்றிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் அளக்கவேண்டும். வாளி விழுந்து கலங்கிய பிறகு அளந்தால் மேல்தண்ணீரின் சூடுதான் வரும். சூடும் கடத்துதிறனும் சேர்ந்து இறங்கினால் மழைநீர் மேலால் கலக்கிறது என்று பொருள். மாரிக்குப் பிறகு அப்படி ஆவது இயல்பு, கோடையிலும் அப்படியே இருந்தால் கட்டில் வெடிப்புத் தேடவேண்டும். சூடு மாறாமல் மட்டம் மட்டும் இறங்கினால் பக்கத்தில் யாரோ இறைக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தரம் நைத்திரேற்று, புளோரைட்டு, மலக் கிருமிச் சோதனை. நைத்திரேற்று ஏறினால் கழிவறைக் குழியையோ தோட்டத்துப் பசளையையோ பார்க்கவேண்டும். முடிவுகளைக் கிணற்றடியில் ஒரு பலகையில் மும்மொழியிலும் எழுதி வைக்கலாம். ஏழு கிணற்றுக்கும் ஏன் ஏழு சூடு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அதிலேயே விடை கிடைக்கும், வெவ்வேறு அளவில் குளிர்ந்த மேல்நீர் கலப்பதால்.

கார்லோவி வாரிக்குப் போகவிருப்பவர்களுக்குக் கடைசியாக: ஜேர்மனிக்கு எடுத்த ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும், ஆனால் காசு யூரோ அல்ல, கொருனா. பீங்கான் கோப்பை மண்டபத்தடிக் கடைகளிலேயே கிடைக்கும். கோப்பையின் வாயைக் குழாயில் முட்டவிடாமல் பிடியுங்கள். உங்களுக்கு முன் பிடித்தவருக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியாது.

இங்ஙனம்,
நிலத்தடி நீர்த்துறை சார்ந்த வாசகர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.